குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம்

அன்று மருத்துவமனை விழா மேடையில் நான் சொல்லாதது இது: என் பேச்சில் கதையாக வந்த வீடு எங்கள் வீடு, பிள்ளை என் அக்கா மகன். அக்கா கூட்டத்தின் நடுவே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சொன்னது கீழே.

தலைமையேற்றிருக்கும் மகப்பேறு மருத்துவமனைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, மடியில் உறங்கும் மழலை விழித்துவிடாமல் மெல்லக் கைதட்டும் தாய்மார்களே, வணக்கம்!

தசை எது? தோல் எது? உண்டதைச் செரிக்கும் சாறு எது? எல்லாம் புரதம்! புரதம் என்பது என்ன? அமினோ அமிலம் என்னும் மணிகளைக் கோத்த மாலை. மணிகள் இருபதே வகை. அந்த இருபதை மாற்றி மாற்றிக் கோத்தே எறும்பும் எழுந்தது, யானையும் எழுந்தது, என் பேச்சுக்குக் கொட்டாவி விடும் அந்த அண்ணனும் எழுந்தார்! சிரியுங்கள். இனிச் சிரிக்க எதுவும் இல்லை.

ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தது. பெற்றவர்கள் கறுப்பு, பிள்ளை வெளுப்பு, முடியோ செம்பட்டை. "யாரைக் கொண்டுடி பொறந்திருக்கான்? வெள்ளைக்காரன் தோத்தான் போ!" என்றாள் அத்தை. "வெயில்ல தூக்கிட்டுப் போகாதே, கறுத்துடப் போறான்" என்றார் மாமா. வந்தவரெல்லாம் வாயாரப் புகழ்ந்தார்கள். அந்த வெளுப்பே நோயின் அடையாளம் என்று யாருக்குத் தெரியும்?

நானூற்றுக்கும் மேற்பட்ட மணிகள் கோத்த ஒரு புரதத்தில் ஒரு மணி மாறியிருந்தது. பாலில் வரும் ஓர் அமினோ அமிலத்தை இன்னொன்றாக மாற்றுவது அந்தப் புரதத்தின் வேலை. மாற்றினால்தான் முடி கறுக்கும். மாற்றாதது எங்கே போகும்? தேங்கும். தேங்கித் தேங்கி மூளையைக் கெடுக்கும். தாய் ஊட்டினாள், தேங்கியது. பிள்ளை தேறவில்லையே என்று கூட்டி ஊட்டினாள், கூடித் தேங்கியது.

"தாய்ப்பால்ல விஷமா? என்னம்மா பேசறீங்க?" என்கிறார் எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா. இல்லை தாயே, பால் அமுதம்தான். அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் அளந்து கொடுத்திருக்க வேண்டும். அளக்கச் சொல்ல ஆளில்லை.

பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "எங்கேயோ ஒண்ணுக்காக எல்லாப் பிள்ளையையும் குத்தணுமா?" என்று முன்பொரு முறை நம் தலைவர் கேட்டார். ஐயா, பல்லாயிரத்தில் ஒன்று என்பது உங்கள் கணக்கு. பெற்றவளுக்கு இருப்பதே ஒன்று!

அவனுக்கு இப்போது ஐந்து வயது. அம்மா என்று ஒருமுறையும் அழைத்ததில்லை. இனிப் பத்தியம் காத்தாலும் போன அறிவு மீளாது. அவனுக்காகக் கேட்க எதுவும் மிச்சமில்லை. நாளை இங்கே பிறக்கப் போகிறவனுக்காகக் கேட்கிறேன்: ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு!

பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. உங்கள் வீட்டுத் தொட்டில்கள் நலமாய் ஆடட்டும். வணக்கம்.

கைதட்டினார்கள். ஆவன செய்யப்படும் என்றார் தலைவர். மேடையிலிருந்து இறங்கியபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு தாய் வழிமறித்து, தூங்கும் மகளின் தொப்பியை விலக்கிக் காட்டினாள்.

"அக்கா, இவளுக்கும் செம்பட்டைதான். எட்டு மாசம் ஆச்சு, இன்னும் கழுத்து நிக்கல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுல்ல?"

மருத்துவமனையில் சோதனை தொடங்கப்படவில்லை. அந்தக் குழந்தையின் இரத்தத்தை வெளியூருக்குத்தான் அனுப்பினோம். அதே நோய்.