பெட்வேயை எடுக்கலாமா, வேண்டாமா

கோழி வேஷத்தில் உள்ள ஒரே கஷ்டம், மூக்கு அரித்தால் சொறிய முடியாது. மற்றபடி உள்ளே கதகதப்பாகத்தான் இருக்கும். ஜனவரி மாதத்து டொலீடோ நகரில், ஏரிக் காற்று முகத்தில் அறையும்போது, அது சின்ன விஷயமில்லை.

சம்பந்தமில்லாமல் பேசுகிறேன் என்று பேனாவைத் தட்டுகிறீர்கள், வக்கீலம்மா. சம்பந்தம் இருக்கிறது. பெட்வேயின் மனைவி உங்களை வைத்து வழக்குப் போட்டிருப்பதைப் பார்த்தால், நான் ஏதோ பெரிய சதி செய்ததாக நினைக்கிறாள். அவ்வளவு பெரிய ஆள் நான் இல்லை.

என் பெயர் லியோன் ஸ்பிச்சாக். முதுகெலும்பு அறுவை மருத்துவன். நாரைகள் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் நான்தான் டாக்டர். பந்தைக் காலால் உதைப்பதைவிட, கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவதுதான் அதிகமான ஆட்டம். ஒரு வீரனை அணியில் எடுப்பதற்கு முன்னால் அவன் உடம்பைப் பார்த்துச் சரி என்றோ, வேண்டாம் என்றோ சொல்வது என் வேலை.

என் மச்சினன் ரஸ் கார் விற்கிறான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவன் வீட்டுக் கார் கொட்டகையில் நாங்கள் சில பேர் கூடுவோம். பல் டாக்டர் ஒருவர், சவ அடக்க நிலையம் நடத்தும் வெர்ன், எங்கள் பாதிரியார் ஃபாதர் கஸ், இன்னும் இரண்டொருவர். நாட்டிலுள்ள நிஜ வீரர்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பொறுக்கி, கற்பனையாக ஓர் அணி வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை நிஜ ஆட்டத்தில் அந்த வீரன் பந்தோடு ஓடினால் நமக்குப் புள்ளி. கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஆறு. காசு வைத்து ஆடுவதில்லை, ஃபாதர் ஒப்புக்கொள்ளமாட்டார். அதற்குப் பதிலாக, வருஷ முடிவில் யார் கடைசியோ அவர் ரஸ்ஸின் கார் கடை வாசலில் ஒரு சனிக்கிழமை முழுக்கக் கோழி வேஷத்தில் நிற்க வேண்டும்.

பெட்வே வருவதற்கு முந்தின ஜனவரியில் நான் நின்றேன். என்னிடம் அறுவைக்குத் தேதி வாங்கியிருந்த ஓர் அம்மாள் காரை நிறுத்தி, அலகுக்குக் கீழே என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, வேறு டாக்டரிடம் போய்விட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். மறுபடியும் நின்றால் என் தொழில் என்னாகும் என்று மட்டும் யோசித்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான், ஆகஸ்டில், நாரைகள் அணியில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிற பையனுக்குக் கணுக்கால் முறிந்தது. அந்த இடத்துக்குச் சும்மா இருக்கும் யாரையாவது எடுத்தாக வேண்டும். கார்னெல் பெட்வே சும்மா இருந்தார். எந்த அணியிலும் ஒப்பந்தம் இல்லை. வயது முப்பது. எதிரே நிற்கும் மாமிச மலைகளுக்கு நடுவில் தலையைக் கொடுத்து ஓடுகிற வேலையில் அது கிழ வயது. எடுக்கலாமா, வேண்டாமா என்று ஊரே வானொலியில் அடித்துக்கொண்டது.

"பெட்வேயா? என் மாமனார் அவனைவிட வேகமா ஓடுவாரு. அவர் செத்தே ரெண்டு வருஷமாச்சு," என்றார் ஒருவர்.

"யோவ், கோட்டுக்குப் பக்கத்துல அவன் கையில பந்தைக் குடுத்துப் பாரு. நாலு பேரை முதுகுல தூக்கிக்கிட்டு உள்ள போவான்," என்றார் இன்னொருவர்.

அணி மேலாளர் ஹால்வர்சன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டாக்டர், வெளிய சொல்லாதீங்க. பெட்வேயை வரச் சொல்லியிருக்கேன். நீங்க பார்த்துச் சரின்னா எடுத்துடுவோம்."

நான் வெளியே சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் ரஸ்ஸின் கொட்டகையில், என் முறை வந்ததும், "பெட்வே," என்றேன்.

ரஸ் குடித்த பீர் மூக்கு வழியாக வந்தது. "மச்சான், அவன் வேலையில்லாம வீட்ல உக்காந்திருக்கான். அவனுக்கு எப்படிப் புள்ளி வரும்? புல்லு வெட்டினாலா?"

"சிரிக்காதீங்கப்பா," என்றார் வெர்ன். "கோழி டிரெஸ்ஸை உன் அளவுலயே வெச்சிருக்கோம், லியோன். பிரிக்கவே இல்ல."

"கர்த்தர் உன்னைக் காப்பாத்தட்டும். அடுத்து நான்," என்றார் ஃபாதர் கஸ்.

திங்கட்கிழமை பெட்வே வந்தார். கட்டில் முனகுகிற உடம்பு. ரொம்ப மரியாதையானவர்.

"டாக்டர், மறைக்காம சொல்லிடறேன். இடது கை அப்பப்ப தீப்பிடிச்ச மாதிரி எரியுது. யார்மேலயாவது மோதினா விரலெல்லாம் கொஞ்ச நேரம் செத்துப்போகுது. ஜோலீன், என் சம்சாரம், போதும் வீட்டுக்கு வாங்கங்கறா. ஊர்ல ஸ்கூல் பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற வேலை காத்துக்கிட்டிருக்கு. நீங்க வேணாம்னா இன்னிக்கே கிளம்பிடுவேன். சத்தியமா வருத்தப்படமாட்டேன்."

ஸ்கேன் எடுத்தேன். கழுத்தில் தண்டுவடம் போகிற வழி அவருக்குப் பிறவியிலேயே குறுகல். அதில் எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு ஒன்று வேறு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட கழுத்தோடு வருகிறவர்களிடம், மாடிப்படியில் மெதுவாக இறங்குங்கள் என்று நான் சொல்வது வழக்கம்.

"தசைப் பிடிப்புதான்," என்றேன். "கழுத்து நல்லா இருக்கு. ஆடலாம்."

அவர் முகம் சற்று வாடியது. அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

நியாயமாகப் பாருங்கள். மேலாளருக்கு அவர் வேண்டும், பயிற்சியாளருக்கு வேண்டும், ஊரில் பாதிப் பேருக்கு வேண்டும். ஒரு தனி மனிதன் இத்தனை பேர் ஆசைக்குக் குறுக்கே நிற்பது அகம்பாவம்.

ஆரம்பத்தில் அவர் நிறைய ஓடினார், ஆனால் கோடு தாண்டவில்லை. எனக்கு அற்பப் புள்ளிகள்தான் வந்தன. ஆகவே பயிற்சியாளர் பிராக்கிடம் போய், "நீளமா ஓடினா முட்டி போயிடும். கோட்டுக்குப் பக்கத்துல மட்டும் அவர்கிட்ட பந்து குடுங்க," என்றேன். மருத்துவ ஆலோசனை என்பதால் பிராக் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார். அங்கேதான் எல்லோரும் கும்பலாக நின்று தலையோடு தலை மோதுவார்கள், கழுத்துக்கு அங்கேதான் ஆபத்து என்று சொல்வீர்கள். சரிதான். ஆறு புள்ளியும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவே பெட்வே இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு வந்தார். "டாக்டர், கை வரல."

"வந்துடும்," என்று தேய்த்துவிட்டேன். வந்துவிட்டது. திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு இரண்டு தடவை கோட்டைத் தாண்டினார்.

மாலையில் ஃபாதர் கஸ் போன் செய்தார். "நீ டீமுக்குள்ளயே இருந்துக்கிட்டு எங்களோட ஆடறே, லியோன்."

"இது பாவமா, ஃபாதர்?"

"பாவமில்ல, அயோக்கியத்தனம்," என்றார். இருவரும் சிரித்தோம். கையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

டிசம்பர் கடைசி ஞாயிறு, பனி கொட்டியது. எங்கள் கூட்டத்தில் அடிமட்டத்தில் வெர்னும் நானும் சமமாக இருந்தோம். வெர்னின் ஆட்கள் ஆடி முடித்துவிட்டார்கள். எனக்கு மிச்சமிருந்தது பெட்வே மட்டும். நாரைகள் படுதோல்வி அடைந்துகொண்டிருந்தார்கள். பந்து மட்டும் எப்படியோ கோட்டுக்கு ஓர் எட்டு தூரத்தில் வந்து நின்றது.

பிராக் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆட்டம் போச்சு, டாக்டர். பாவம், இவனை உக்கார வெச்சுடலாமா?"

அவர் கேட்டார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பிராக் நல்ல மனிதர், அவர்மேல் பழி வரக்கூடாது.

"உடம்பு சூடா இருக்கு. இப்ப உக்கார வெச்சா பிடிச்சுக்கும்," என்றேன். "இன்னும் ஒரே ஒரு தடவை குடுங்க."

கொடுத்தார். பெட்வே தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தார். மேலே விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர் எழவில்லை.

நான் ஓடினேன். பனியில் மண்டியிட்டு, முறைப்படி அவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். கண் திறந்திருந்தது.

"டாக்டர், உள்ள போயிட்டேனா?" என்றார்.

நியாயமான கேள்வி. நடுவர்களுக்கும் அதே சந்தேகம், பெரிய திரையில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். விரலை அசைக்கச் சொல்லவில்லை, காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. தலையைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவர் இரண்டு கையையும் மேலே தூக்கியதும், "போயிட்டீங்க," என்று அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் விரல்களைப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில், ஆம். அந்தக் கழுத்தைப் பற்றி எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் எடுக்கச் சொன்னேன், தெரிந்துதான் கோட்டருகே நிறுத்தினேன், தெரிந்துதான் கடைசியாக ஒரு தடவை அனுப்பினேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். திரையைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் தயவுசெய்து என் குற்றத்தில் சேர்க்காதீர்கள். ஒரு டாக்டராகச் சொல்கிறேன், அதற்குள் அந்தக் கழுத்தில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.