துணைக்கு இருப்பவர்: சாந்தம்மாள்

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் டாக்டர் அவர்களே, பஞ்சாயத்துத் தலைவர் செங்கோட்டையன் அவர்களே, இடமில்லாமல் வாசல்வரை நிற்கும் மீனாட்சிபுரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! இந்த ஆஸ்பத்திரியில் பத்தொன்பது ஆண்டுகளாக அட்மிஷன் பதிவேடு எழுதும் ஈஸ்வரமூர்த்தி பேசுகிறேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆனாலும் இன்று நான் பேசியே ஆகவேண்டும்.

நம் தலைமை நர்ஸ் சாந்தம்மாள் அம்மையார் போய்விட்டார்! ஐம்பத்து நாலாம் வருஷம் மறையூரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு தனியாக வந்தவர், இருபத்திரண்டு ஆண்டுகள் நம் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, தனியாகவே போய்விட்டார்.

இந்த ஆஸ்பத்திரியில் என்ன இருக்கிறது? எக்ஸ்ரே இருக்கிறதா? மழை பெய்தால் பெண்கள் வார்டில் வாளி அல்லவா வைக்கிறோம்! டவுனில் மாடி ஆஸ்பத்திரி வந்ததும், இனி நம் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று நானே சொன்னேன். சாத்தினோமா? பால்காரர் பொங்கியண்ணன் மாடு முட்டித் தொடை கிழிந்து வண்டியில் வந்தபோது, "டவுனை விட்டுட்டு இங்க எதுக்குங்க வந்தீங்க?" என்று எரிந்து விழுந்தேன். அந்த வலியிலும் அவர் சொன்னார்: "போன வருசம் அங்க எட்டு நாள் படுத்திருந்தேனுங்க. பன்னெண்டாம் நெம்பர்னுதான் கூப்புட்டாங்க. இங்கன்னா அந்தம்மா, 'ஏனுங்க பொங்கியண்ணா, செவலை கன்னு போட்டுருச்சுங்களா'ன்னு கேக்குமுங்க."

துணைக்கு ஆள் இல்லாமல் நோயாளியைச் சேர்ப்பதில்லை என்பது நம் விதி. பதிவேட்டில் 'துணைக்கு இருப்பவர்' என்று ஒரு கட்டமே உண்டு. நாதியற்ற காளியாத்தாள் காய்ச்சலோடு வந்து நின்றபோது, விதியைக் காட்டித் திருப்பி அனுப்பப் பார்த்தேன். அம்மையார் என் பேனாவைப் பிடுங்கினார். அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்து கஞ்சி ஊட்டினார். நேற்று பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். நூற்று நாற்பத்தேழு இடங்களில் அதே கையெழுத்து!

சென்ற மாதம் நெஞ்சுவலியென்று அவரே வந்து படுத்தார். அன்றும் எழுதியவன் நான்தான். "துணைக்கு யாரைப் போடட்டுங்க?" என்றேன். சிரித்தார். "எனக்கென்னங்க, ஊரே இருக்குதுங்களே!" என்றார். நானும் சிரித்துக்கொண்டே கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

ஊர் எங்கே இருந்தது? வந்தோம், இளநீரும் ஆரஞ்சும் வைத்தோம், கும்பிட்டோம், கிளம்பினோம்! அவருக்கு ஆளா இல்லை என்று நீங்கள் நினைத்தீர்கள். நர்ஸுகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. அடுத்த கட்டில் பூவாத்தாள் அழுதுகொண்டே சொன்னார்: "அந்தம்மா ரெண்டு தடவை வாசலைப் பாத்துச்சுங்க. எனக்குத்தான் எந்திரிக்க முடியலீங்க."

ஐயா, இன்று இந்தக் கூடத்தில் உட்கார இடமில்லை. அன்று அந்த முக்காலி காலியாகக் கிடந்தது! யாரைக் குற்றம் சொல்வேன்? விதி விதி என்று ஏழைகளை விரட்டிய நான், வாழ்நாளில் ஒரே ஒருமுறை விதியை விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுக்கக் கூடாத இடத்தில் விட்டுக்கொடுத்தேன். இந்த வேதனை என்னோடுதான் வேகும்.

அவர் படத்தைத் திறக்கப் போகிறீர்கள். வார்டுக்கு அவர் பெயரும் வைக்கப் போகிறீர்கள். வையுங்கள், வேண்டியதுதான். என்னால் ஆனது ஒன்றுதான். நான் பேனா பிடிக்கும்வரை அந்தக் கட்டம் வெறுமையாக இருக்காது. ஆளில்லாதவருக்கு என் பெயர் இருக்கும். பெயரோடு நானும் இருப்பேன். இது அம்மையார் மேல் ஆணை!

இன்று காலை சின்னத்தாயி என்ற கூலிக்கார அம்மாள் தனியாக வந்து சேர்ந்திருக்கிறார். துணைக்கு என் பெயரை எழுதியிருக்கிறேன். ஆகவே கூட்டம் முடியும்வரை இருக்க முடியாததைச் சபை பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் போகிறேன்.