ஆளுயரத்துக்குப் படம்

– அசையாம நில்லு அம்மிணி. செவுத்தோட ஒட்டி நில்லு. தலைக்கு மேல பென்சில்ல ஒரு கோடு போட்டுக்கறேன்.

– ஏனுங்க, புரொஜெக்டர் மாட்டறதுக்கு என்னைய எதுக்கு அளக்கறீங்க? நானென்ன உங்க பட்டறையில பாடி கட்ட வந்த லாரியா?

– லாரின்னா கூச்சல் போடாம நிக்குமே. அஞ்சடி ரெண்டு இஞ்சு. செரி, நகந்துக்க. வந்து ஏணியைப் புடி.

– ஹால்லதான் டிவி இருக்குதில்லீங்க? பெட்ரூம்ல இது எதுக்கு? வியாழக்கெழமை பிளைட்டு. குளிருக்குப் போட இன்னும் ஸ்வெட்டர் வாங்குல. பெட்டி பாதிதான் ரொம்பியிருக்குது.

– பொழுதோட நாமக்கல் போயி வாங்கிக்கலாம். அந்த போல்ட்டை எடு. அது இல்ல, சின்னது.

– பாப்பா பள்ளிக்கூடம் உட்டு வந்தான்னா என்னைய எந்திரிக்கவே உட மாட்டா. மடியிலயே உக்காந்துக்குவா.

– அவளுக்காகத்தான் இத மாட்டறேன்.

– ஓ! ரெண்டு வருசம் நானில்லாம அப்பனும் மகளும் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு சினிமாவாப் பாத்துத் தள்ளப் போறீங்களாக்கும்?

– சினிமாவுக்கு இல்ல அம்மிணி. நீ அயர்லாந்துல ஆஸ்பத்திரி டூட்டி முடிச்சுட்டு வீடியோ கால்ல வருவீல்ல? போன்ல பாத்தா உன்ற மூஞ்சி தீப்பெட்டியாட்டம் தெரியும். இதுல போட்டா செவுத்துல உன்ற ஒசரத்துக்கே நிப்பே. பாப்பா பக்கத்துல போயி நின்னு பேசலாமில்ல? அதுக்குத்தான் கோடு.

– போதுமுங்க, எறங்குங்க.

– இன்னும் ஒரு போல்ட்டு இருக்குது. ஏணியை உட்டுறாத.

– புடிச்சிட்டுத்தான் இருக்கறேன். இப்படியெல்லாம் பண்ணுனா நான் எப்படிங்க பிளைட் ஏறுவேன்?

– ஏறித்தான் ஆவோணும். அந்த ஜன்னல் ஸ்க்ரீனை இழுத்து உட்டுட்டு ஹாலுக்குப் போ. எனக்கு வீடியோ கால் போட்டு, போனை அலமாரி மேல சாய்ச்சு வெச்சுட்டுத் தள்ளி நில்லு. பாத்துருவோம்.

– போட்டுட்டேன். தெரியறனுங்களா?

– தெரியறே. ஆனா தலைகீழாத் தொங்கறே.

– வௌவாலாட்டமா? பாப்பா பயந்துக்குவாளுங்க!

– சிரிக்காத, இரு. கூரையில மாட்டுனா மெனுவுல எதையோ மாத்தோணும்னு கடைக்காரர் சொன்னாரு. இந்தா… நேராயிருச்சு. சித்த பின்னால போ. இன்னும் கொஞ்சம். நில்லு! தலை கோட்டுல வந்து நிக்குது.

– எனக்கு உங்க மூஞ்சி மட்டுந்தான் தெரியுது. ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?

– தமிழ்ச்செல்வி, இங்க வராத. அங்கயே நில்லு. ஒண்ணு சொல்லோணும், நேர்ல நின்னா எனக்கு வாய் வராது.

– பயமுறுத்தாதீங்க. சொல்லுங்க.

– மூணு வருசத்துக்கு முன்னால இதே வேலைக்கு இண்டர்வியூ போயிட்டு வந்தீல்ல? அது கெடைச்சுது அம்மிணி. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கற ஆபீஸ்லயிருந்து உன்ற போனுக்குக் கூப்புட்டப்ப நீ குளிச்சிட்டு இருந்தே. நாந்தான் எடுத்தேன். அவளுக்கு வர இஷ்டமில்லீங்கன்னு சொல்லி வெச்சுட்டேன். பாப்பாவுக்கு அப்ப மூணு வயசு. நீயில்லாம ஒரு நாளைக்கூட எனக்கு ஓட்டத் தெரியாது. பயந்துட்டேன். அதுக்கப்புறம் நீ அந்த வேலையைப் பத்தி வாயே தொறக்குல. கெடைக்குலைன்னு மனசுக்குள்ள மருகறேன்னு நெனைச்சு, சோறு எறங்காமக் கெடந்தேன். இதைச் சொல்லாம உன்னைய அனுப்பி வெக்க முடியாது. திட்டறதுன்னா திட்டிப்போடு.

– எதுக்குங்க திட்டோணும்? அன்னைக்குச் சாயங்காலமே அவங்க மறுக்காக் கூப்புட்டாங்க. உங்க வீட்டுக்காரர் சொன்னது நெசமான்னு கேட்டாங்க. நெசந்தான், எனக்கே போக மனசில்லைன்னு நாந்தானுங்க சொன்னேன்.