கால்மாட்டு வழி

வேண்டாங் கண்ணு, அந்தத் தண்ணிய அங்கயே வெச்சுரு. மூடியத் தொறக்காத. டாக்டர் சொன்னது எனக்கும் மறக்கலை. தண்ணி நெறையக் குடிக்கோணும், ஒண்ணுக்கு வந்தா அடக்கக் கூடாது. ஒரு கிட்னி சுருங்கிப் போச்சு, இன்னொண்ணையாவது காப்பாத்திக்கோங்கன்னாரு. மாடியில குடியிருக்கற நீயே மனப்பாடமாச் சொல்றே, எனக்குத் தெரியாதா? ஆனா இன்னிக்கு வேண்டாம். இப்படிக் கட்டில்ல உக்காரு சைத்ரா. சேரு எறக்கறவிங்கள மருமகப்புள்ள பாத்துக்குவாரு.

அந்த டாக்டரு கேட்டாரு, சின்ன வயசுல ஊட்ல கக்கூசு இல்லீங்களான்னு. இருந்துச்சுங்கன்னேன். அதுக்கு மேல அவருகிட்ட என்னத்தச் சொல்றது?

வால்பாறைல எஸ்டேட் லைன் ஊடு. ஒத்த ரூமு, ஒத்தக் கதவு. கக்கூசு வெளிய, தேயிலைக்குப் பக்கத்துல. மத்த ஊட்டுப் புள்ளைகளுக்கு இருட்டுல போறதுன்னா சிறுத்தைக்குப் பயம். எங்களுக்கு அதெல்லாம் அப்பறம். எங்கப்பன் குடிச்சுப்போட்டு வந்து, கதவை அடைச்சாப்பல குறுக்க படுத்துக்கும். அதைத் தாண்டித்தான் வெளிய போகோணும். முழிச்சுக்கிச்சுன்னா அவ்வளவுதான். நானென்ன பொணமாடீ, தாண்டிப் போறேன்னு எந்திரிக்கும். எங்கண்ணன் பிராங்க் ஒருநா தாண்டிப்போட்டான். தேயிலை வெட்டற கவாத்துக் கத்திப் பிடியாலயே கை மேல போட்டுது. இப்பவும் அவனுக்கு வலது கை நேரா நீளாது. வெளிய உக்காந்திருக்கான், பாத்திருப்பியே.

எங்கம்மா என்ன பண்ணுவா, பொழுது எறங்குனா தண்ணிப் பானைய மூடி மேல ஒரு கல்லத் தூக்கி வெச்சுப்போடுவா. தொண்டை காயுதுன்னு அழுதாலும் தர மாட்டா. கொடுமைக்காரின்னு நெனைச்சுக்காத. அவ காட்டுன பாசமே அதுதான்.

ஒடம்பு அதுக்குப் பழகிருச்சு கண்ணு. அப்பன் செத்தும் விடலை. கல்யாணமாகி கோயமுத்தூர் வந்தும் விடலை. வழியில யாராச்சும் படுத்திருந்தா அந்தப் பக்கம் எனக்குக் கால் வராது. இந்த ஊட்லயும் பாரு, பாத்ரூம் ஹாலுக்கு அந்தாண்ட. எங்கூட்டுக்காரரு அப்ப மலை ரூட்டுல பஸ் ஓட்டிட்டு இருந்தாரு. முதுகு வலின்னு ஹால்லதான் பாய் போட்டுப் படுப்பாரு. நான் எந்திரிச்சு வந்து இந்தக் கதவோரம் நிப்பேன். நின்னு நின்னு பாத்துப்போட்டு, திரும்பி வந்து படுத்துக்குவேன்.

ஒருநா பாத்துட்டாரு. ஏன் நிக்கறேன்னு கேக்கலை. எந்திரிச்சு, காலை மடக்கி, செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, போ அமலின்னாரு.

அன்னிலருந்து அதேதான். எத்தனை அசந்து தூங்குனாலும் என் கால் சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. காய்ச்சல்ல கெடந்தப்பவும் உக்காந்தாரு. ஒருக்காக்கூட சலிச்சுக்கிட்டதில்லை. எங்கப்பன் கதைய அவருகிட்டச் சொன்னதே ரொம்ப வருசங் கழிச்சுத்தான்.

டாக்டருகிட்டப் போய்ட்டு வந்ததுலருந்து இந்தப் பாட்டிலும் அவரு வேலைதான். வெடிஞ்சதும் ரொப்பி என் தலைமாட்டுல வெச்சுருவாரு. இன்னிக்கும் வெச்சுப்போட்டுத்தான் மறுபடி போய்ச் சாஞ்சாரு.

எல்லாரும் அழுகச் சொல்றாங்க. வரலை. ஃபாதர் வந்து செபம் சொன்னாரு, நானும் ஆமென்னு சொன்னேன். மரத்துப்போன மாதிரி இருக்குது. அடிவயிறு மட்டும் வலிக்குது. ஆமா, காலைலருந்து போகலை. உன்ற ஊட்டுக்கா? மாடிப்படிக்கும் அந்த ஹாலைக் கடந்துதானே கண்ணு போகோணும்.

கையைப் புடிச்சுக்கறயா? சரி, புடிச்சுக்க. வழி இருக்குன்னு எனக்கும் தெரியுது. ஐஸ் பெட்டிய செவுத்தோரமாத் தள்ளித்தான் வெச்சிருக்காங்க. கால்மாட்டுல ஒரு ஆளு தாராளமாப் போலாம். நானும் ரெண்டு மூணு வாட்டி கதவோரம் போய் நின்னு பாத்துட்டேன். வேணும்னே காலைத் தேச்சுத் தேச்சுக்கூட நடந்து பாத்தேன்.

அவரு எந்திரிச்சு உக்காரலை கண்ணு. நான் எப்படிப் போறது?