குடை என்றால் நிறுத்து

அது எல்லாரும் பொதுவாக நினைப்பதுதான் சார், திகில் படம் என்றால் நடுராத்திரியில்தான் எடுப்பார்கள் என்று. நாங்கள் காலையில் எடுத்தோம். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து எடுத்தோம். ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்துவிட்டால் பகலும் இரவும் ஒன்றுதான். தூக்கம் கெட்டால் வேலை கெடும். என் படப்பிடிப்பில் யாரும் தூங்கி வழிந்ததாக நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

நாங்கள் நான்கு பேர், ஒரே திரைப்படக் கல்லூரி. இயக்கம் நான். கேமரா, சோடா புட்டி. கண்ணாடியைக் கழற்றினால் சுவர் எது, கதவு எது என்று தெரியாது அவனுக்கு. ஆனால் கேமராவில் கண் வைத்துவிட்டால் கழுகுதான். ஒலிப்பதிவு என் தங்கை, சித்தப்பா மகள். அதே கல்லூரியில் எனக்கு அடுத்த வகுப்பு. நடிப்பு, ஒல்லி. ஒல்லியும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகச் சுற்றியவர்கள். அவன் அம்மாவுக்கு நான் இன்னொரு பிள்ளை.

இறுதியாண்டுக்காக எடுக்கிற குறும்படம் இது. கதை சின்னதுதான். தீப்பிடித்த வீட்டில், ஓர் இரும்பு அலமாரிக்குள் ஒருவனைப் பூட்டிவிட்டு அவன் நண்பன் போய்விடுகிறான். உள்ளே இருப்பவனின் முகம் மட்டும்தான் படம். கடைசியில் அவன் தப்பித்துவிடுவான். வெளியே வந்து, நமக்கு முதுகைக் காட்டியபடி தெருவில் நடந்து போவான். அவ்வளவுதான்.

ஒத்திகையைப் பதிவுசெய்து வகுப்பில் போட்டுக் காட்டினோம். வாத்தியார் விளக்கைப் போடச் சொன்னார். "கதை சரி, வெளிச்சம் சரி. இவன் ஏன்யா பல்வலி வந்தவன் மாதிரி மூஞ்சிய வச்சிருக்கான்? சாவு பயம் எங்கய்யா?" என்றார். வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் ஒல்லி. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. என் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அதில் நடித்தவன் தொடையைத் தட்டிச் சிரிக்கிறான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "உன் படத்துல எனக்கு நடிப்பு வரமாட்டேங்குதுடா. அங்க போயி எப்படிப் பண்றேன் பாரு" என்றான். பெரிய படம் ஒன்றில் அவனுக்கு ஒரு வேடம் கிடைத்திருந்தது. அதே படத்தில் உதவி இயக்குநராகச் சேர நானும் போய்ப் பார்த்தேன். எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் பிறகு வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது மரியாதை என்று சொன்னேன்.

ஆக, பயம் வேண்டும். இல்லாத இடத்திலிருந்து அதை எடுக்க வேண்டும். கல்லிலே நார் உரிக்கிற வேலை. எல்லாவற்றையும் திட்டமிட்டுத்தான் செய்தேன். படம் எடுப்பதில் பெரும்பகுதி முன்னேற்பாடுதான். கல்லூரியின் பழைய சாமான் அறையில் அலமாரி கிடைத்தது. நல்ல கனமான இரும்பு, கதவு கிச்சென்று மூடும். உள்ளே மேல்தட்டில் சின்ன கேமரா ஒன்றைப் பொருத்தினோம். சோடா புட்டி வெளியே திரையில் பார்க்கலாம். பின்பக்கம் ஓட்டை போட்டு, புகை இயந்திரத்தின் குழாயை நுழைத்தோம்.

ஒல்லிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு உண்டு. எனக்கு அது தெரியாதா என்று கேட்டீர்கள். பள்ளியில் விளையாட்டு வகுப்பன்று அவனுடைய மருந்துக் குப்பி என் பையில்தான் இருக்கும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவன் அம்மா மட்டும்தான்.

அதனால்தான் ஒரு சொல் வைத்துக்கொண்டோம். அந்த யோசனை ஒல்லியுடையது. "நிறுத்துன்னு கத்தினா எப்படிடா கண்டுபிடிப்பீங்க? வசனத்துல பாதி நிறுத்துதானே. மீதி காப்பாத்து" என்றான். உண்மைதான். மூச்சு முட்டுது, கதவைத் திற, செத்துருவேன் எல்லாமே வசனத்தில் இருந்தன. வசனத்தில் இல்லாத சொல் வேண்டும்.

"குடை" என்றாள் தங்கை.

"குடையா?"

"தீயில மாட்டினவன் எவனாவது குடை கேப்பானா?"

"இவன் கேப்பான். முடி கலைஞ்சுரும்னு" என்றான் சோடா புட்டி.

சிரித்தோம். குடை என்றால் நிறுத்து, கதவைத் திற என்று முடிவானது. அதற்குப் பிறகு ஒல்லி போகிற வருகிற இடத்திலெல்லாம் அதை வைத்து விளையாடினான். வாத்தியார் வகுப்பை இழுத்தால், பின்வரிசையிலிருந்து மெல்ல "குடை" என்பான்.

மற்றொரு விதி எப்போதும் இருப்பது. நான் 'கட்' சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது. இது எல்லாப் படப்பிடிப்பிலும் உள்ளதுதான்.

அன்று காலை ஒல்லி பக்கத்து அறையில் முகத்தில் கரி பூசிக்கொண்டிருந்தான். மற்ற இருவரையும் கூப்பிட்டு, காட்சியில் ஒரு சின்ன மாற்றம் என்றேன். சாகப்போகிறவன் சம்பந்தமில்லாமல் எதையாவது உளறுவான், சின்ன வயதில் மழைக்கு அம்மா பிடித்த குடை இவனுக்கு ஞாபகம் வரும், "குடை, குடை" என்று அரற்றுவான், அதைக் கேட்டுக் கதவைத் திறந்துவிடாதீர்கள் என்றேன். சோடா புட்டிக்குப் பிடித்திருந்தது. "மயிர்க்கூச்செறியுதுடா" என்றான்.

தங்கைதான் கேட்டாள். "அப்ப நிஜமாவே முடியலைன்னா?"

"அதுக்கு வேற வார்த்தை. செருப்பு. அவன்கிட்ட சொல்லிட்டேன்."

"செருப்புன்னு கத்தினா எனக்குச் சிரிப்பு வந்துரும்ணா. அப்புறம் ஒலி போச்சுன்னு என்னைத் திட்டக் கூடாது."

அவனிடம் நான் சொல்லவில்லை.

அவன் உடையையும் மாற்றினேன். பை இல்லாத சட்டை. பழைய சட்டையில் குப்பியின் புடைப்பு தெரிந்தது. படத்தில் அசிங்கமாக இருக்கும். "எங்கடா வைக்கறது?" என்றான். "எங்கிட்ட குடு. எப்பவும் நான்தானே வச்சுப்பேன்" என்றேன். கொடுத்தான். உள்ளே ஏறும்போது, "நல்லா வந்தா எனக்கு ஒரு வேளை சோறு வாங்கிக் குடுக்கணும் நீ" என்றான். கதவை நானே சாத்தினேன்.

முதலில் வழக்கம்போலத்தான் இருந்தது. கதவைத் தட்டினான், வசனம் பேசினான். பல்வலி. புகையைக் கூட்டச் சொன்னேன். இருமினான். பிறகு ஒரு மாதிரி எரிச்சலோடு, "டேய், குடைடா" என்றான். சோடா புட்டி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். உண்மையில் அந்த இடம் மிக நன்றாக வந்திருக்கிறது.

மறுபடி சொன்னான். பிறகு அதை மட்டுமே சொன்னான். இடையில் ஒரு தடவை என்னை வீட்டில் அழைக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அது வசனத்தில் இல்லை. ஆனாலும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

தங்கை ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டாள். "அண்ணா, விசில் மாதிரி கேக்குது."

"நடிக்கிறான்மா. எவ்வளவு அழகா நடிக்கிறான் பாரு."

"அண்ணா, செருப்புன்னு சொல்லத் தெரியாதா அவனுக்கு?"

நான் கையை உயர்த்திப் பிடித்திருந்தேன். அவள் நின்றாள். என் பேச்சை அவள் மீறியதே இல்லை. அவளை நீங்கள் அதிகம் துளைக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள். சோடா புட்டியின் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது; அவனும் நடிப்பு என்றுதான் நம்பினான்.

நான் நம்பினேனா என்பதுதானே உங்கள் கேள்வி. இல்லை சார். அந்த விசிலை நான் பள்ளி மைதானத்திலேயே கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியும். குப்பி என் சட்டைப்பையில் இருந்தது; கை போய்த் தொட்டுக்கூடப் பார்த்தது. அந்த நேரத்தில்தான் அவன் தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தான். வாத்தியார் கேட்டது அந்த முகத்தில் இருந்தது. எங்கேயோ போய்ப் பண்ணுவேன் என்று அவன் சொன்னது, என் படத்தில் இருந்தது. அதை அறுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவன் பார்ப்பதை நிறுத்தும்வரை காத்திருந்தேன். அதன் பிறகும் கொஞ்சம் காத்திருந்தேன். காட்சி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

பிறகு 'கட்' சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பதிவில் தெளிவாக இருக்கிறது.

கதவைத் திறந்தவள் தங்கை. இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை. கொன்றது நான். மற்ற இருவருக்கும் இதில் பங்கில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன் மேல் எனக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் அதை மட்டும் எழுதாதீர்கள். அவனை அவ்வளவு நன்றாக வேறு எந்த இயக்குநரும் காட்டியிருக்க முடியாது. அவன் அம்மா ஒரு முறை அமைதியாக உட்கார்ந்து படத்தைப் பார்த்தால் அவருக்கே புரியும்.

ஆனால் படம் இன்னும் முடியவில்லை சார். ஒரே ஒரு காட்சி பாக்கி. கதைப்படி அவன் உயிரோடுதான் வெளியே வருகிறான், தெருவில் நடந்து போகிறான். ஒல்லிக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். நீங்களும் பார்த்திருப்பீர்கள், நேற்று காவல் நிலைய வாசலில் நின்றிருந்தார். பின்னாலிருந்து பார்த்தால் அச்சு அவனேதான், அதே தோள், அதே நடை. முகம் தேவையில்லை. நான் கூப்பிட்டால் வரமாட்டார். நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கிறீர்களா?