சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று தட்டு

மேடையில் வீற்றிருக்கும் மாகாண சுகாதார அதிகாரி அவர்களே, பாதிரியார் அவர்களே, மலைமேலிருந்து நேற்றே நடக்கத் தொடங்கி இன்று வந்து சேர்ந்திருக்கும் பெரியவர்களே, வலப்பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் அண்ணன் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

நான் பென் சுகுலு. இந்தச் சுகாதார நிலையத்தில் ரத்தத்துளியைக் கண்ணாடி வில்லையில் தடவி மலேரியாக் கிருமியைத் தேடுபவன். நம்மை விட்டுப் பிரிந்த நம் தலைமைச் செவிலி சிஸ்டர் எதெல் ரொஃபேட்டா என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "டேய் கொசுக்காரா" என்பார். அந்தக் கொசுக்காரனை எதற்காக இங்கே பேசச் சொன்னார்கள்? இருநூறு பிரசவங்களுக்கு மேல் சிஸ்டருடன் வேலை செய்தவன் நான். அதில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. இந்த மலைத்தாத் தீவில் இப்படிப் பெருமை பேசிக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

பதினாறு வருடங்களுக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை, என் தங்கை நவோமிக்கு வலி கண்டு ஒரு நாள் முழுதாகக் கடந்திருந்தது. குழந்தையின் தலை பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது. முக்குவதற்கு அவள் உடம்பில் தெம்பில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. அவுக்கி மருத்துவமனைக்குப் படகில் கொண்டுபோகலாம் என்றால் கடல் பொங்கிக் கிடந்தது. சிஸ்டரிடம் வேக்குவம் கருவி இருந்தது. குழந்தையின் தலையில் கிண்ணத்தைப் பொருத்த வேண்டும், வலி வரும்போது மெல்ல இழுக்க வேண்டும். ஆனால் இழுப்பவர் ஒருவர், பம்பு அடிப்பவர் ஒருவர் என்று இரண்டு ஆள் வேண்டும். உதவிச் செவிலி காய்ச்சலில் படுத்திருந்தார். துணைக்கு வந்திருந்த என் அம்மாவுக்குக் கை நடுக்கம். அந்தக் கருவியைப் பழுது பார்த்த பழக்கத்தில் பம்பு அடிக்கத் தெரிந்த மற்றொருவன் நான்தான். நானோ கூடப் பிறந்தவன்.

நம் வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தங்கையின் பிரசவ அறைக்குள் அண்ணன் போகக்கூடாது. அவள் கதறுவது அவன் காதில் விழக்கூடாது. சிஸ்டர் வழக்கத்தைத் திட்டவில்லை. நேராக என் ஆய்வறைக்கு வந்தார், பிரசவ அறைக்கும் அதற்கும் நடுவிலிருந்த பலகைச் சுவரில் காட்டுக்கத்தியால் ஓர் ஓட்டை போட்டார். வாசலில் நின்ற என் பெரியப்பா பதறிவிட்டார்.

"தங்கச்சி பிரசவத்துல அண்ணங்காரன் கை வைக்கலாமா, சிஸ்டர்?"

"கை வைக்கிறது நான். இவன் இந்தப் பக்கம் உக்காந்து பம்பு அடிக்கப் போறான். பம்பு அடிக்கக் கூடாதுன்னு உங்க முன்னோர் யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

பெரியப்பா யோசித்தார். "பம்பைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"அப்ப வழி விடுங்க."

பிறகு கிண்ணத்தின் ரப்பர் குழாயை ஓட்டை வழியாக இழுத்து என் பக்கத்துப் பம்பில் மாட்டினார், என் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்தார். அடைப்பதற்கு முன்னால் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "உள்ளங்கைய சுவர்ல வச்சுக்கோ. ஒரு தட்டுன்னா அடி. ரெண்டு தட்டுன்னா நிறுத்து. மூணு தட்டுன்னா குழந்தை வந்தாச்சு, காத்துத் திருகைத் திறந்துவிடு. மூணு தடவைதான் இழுப்பேன், அதுக்கு மேல இழுக்க மாட்டேன். பம்புல அழுத்தம் காட்டுற முள்ளைப் பாத்துக்கோ, கொசுக்காரா."

ஒரு தட்டு. அடித்தேன். இரண்டு தட்டு. நிறுத்தினேன். முதல் இழுப்பு முடிந்தது. இரண்டாவது இழுப்பில் முள் கீழே சரிந்தது, கிண்ணம் கழன்றிருக்கும் என்று புரிந்தது. பார்த்தால், ஓட்டையின் சிராய் குத்தி ரப்பர் குழாய் கீறியிருந்தது. யாரிடம் கேட்பது? எப்படிச் சொல்வது? இன்னும் ஓர் இழுப்புதான் பாக்கி. இடது கட்டைவிரலால் கீறலை அழுத்தினேன். வலது கை பம்பில். சுவரைத் தொட்டுக்கொள்ள மூன்றாவது கை இல்லை. நெற்றியைப் பலகையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு தட்டு நெற்றியில் விழுந்தது. அடித்தேன். முள் ஏறி நின்றது. இரண்டு தட்டு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை என்பதை இந்தச் சபையில் வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறகு விழுந்தது, மூன்று தட்டு.

அன்று பிறந்தவள் அதோ, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பெயரும் எதெல்தான். என் தங்கையும் நானும் அந்த நாளைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவும் கூடாது. ஆனால் வருடந்தோறும் அந்தத் தேதியில் என் மேசைக்கு ஒரு மரவள்ளிப் புட்டு வந்துவிடும். யார் அனுப்பியது என்று நானும் கேட்டதில்லை.

ஓட்டையை அடைத்தாரா சிஸ்டர்? இல்லை. சிராயை இழைத்து, உள்ளே மூங்கில் குழல் செருகினார். மூன்று இழுப்பில் வராத குழந்தையை நான்காவது முறை இழுத்தாரா? ஒருநாளும் இல்லை. பிடிவாதத்தை விழுங்கிக்கொண்டு, தானே படகைத் தள்ளித் தாயை அவுக்கிக்கு ஏற்றிப் போனார். இழுக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். நிறுத்தத் தெரிந்தவர் எங்கள் சிஸ்டர் எதெல் ரொஃபேட்டா. அவருடன் வேலை பார்த்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு பட்டம் வேண்டாம்.

அதிகாரி அவர்களே, புதிதாக சிமெண்டுக் கட்டிடம் கட்டித் தருவதாகச் சொன்னீர்கள். நன்றி. அந்தச் சுவரில், உட்கார்ந்த ஆளின் நெற்றி உயரத்துக்கு ஓர் ஓட்டையும், தட்டினால் அதிர்வதற்கு ஒரு பலகையும் வேண்டும். வரைபடத்தில் இல்லாவிட்டால் காட்டுக்கத்தி என்னிடம் இருக்கிறது. எனக்குக் கண் மங்கும்வரை அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். அதன்பிறகு உட்கார வேறொருவனைப் பழக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இது என் வாக்கு.

சிஸ்டரை அடக்கம் செய்த நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, வேலை ஓடாமல் ஆய்வறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இனி அந்தச் சுவரில் யார் தட்டப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே மூங்கில் வழியாகக் குழாய் வந்தது. அந்தப் பக்கம் நம் இளம் செவிலி ஜுனிட்டா. சிஸ்டர் இல்லாமல் அவள் செய்யும் முதல் வேக்குவம். ஒரு தட்டு விழுந்தது. அடித்தேன். இரண்டு தட்டு. நிறுத்தினேன். உள்ளங்கை போதாதென்று நெற்றியையும் பலகையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று தட்டு விழுந்தது. திருகைத் திறந்துவிட்டேன், சிஸ்டர்.