ஜெயித்துத் தொலைத்தவர்

— அசையாதீங்க. மருந்து கண்ணுக்குள்ள போயிடும்.

— போன் அடிச்ச மாதிரி இருந்துச்சு.

— அது மாடி வீட்டு போன். நம்ம போன் அடிச்சு ஒம்பது நாளாச்சு.

— எண்ணிக்கிட்டா இருக்கே?

— மேனேஜர்னா எண்ணத்தானே வேணும்? ஏற்கெனவே பேசி வெச்ச மூணு குத்துச்சண்டை ஆட்டத்தையும் ரத்து பண்ணிட்டாங்க. ஒருத்தர் மண்டபம் கிடைக்கலைன்னார். இன்னொருத்தர் அவங்க பையனுக்கு காய்ச்சல்னார்.

— மூணாவது ஆளு?

— அவர் ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னார். "அம்மா, உங்க வீட்டுக்காரரை நம்ப முடியல. ஜெயிச்சாலும் ஜெயிச்சிடுவார்"னார்.

— சிரிக்காதே... கை ஆடுது பாரு.

— நான் எங்க சிரிச்சேன்? எழுபத்தோரு ஆட்டம். அதுல அம்பத்தெட்டு தோல்வி. ஒவ்வொரு தடவையும் தோத்துட்டு வருவீங்க, மறுநாள் காலையில காபி கொதிக்கறதுக்குள்ள அடுத்த ஆட்டத்துக்கு கூப்பிட்டுடுவாங்க. இப்ப ஒரே ஒரு தடவை ஜெயிச்சீங்க. நாய் கூட கூப்பிடல.

— இதுக்கு முன்னாடி ஒம்பது தடவை ஜெயிச்சிருக்கேன், நாலு தடவை சமம். அதையும் சேர்த்துக்கோ.

— அதெல்லாம் நம்மளை மாதிரி ஆளுங்ககிட்ட ஜெயிச்சது. யாரும் கண்டுக்கல. இது மாப்பிள்ளை ஆச்சே.

— அவனை மாப்பிள்ளைன்னு நீதான் பேரு வெச்சே.

— பின்ன? அவனுக்குப் பட்டு அங்கி, பின்னால நாலு பேர், முன்னால பாட்டு. பதினோரு ஆட்டம், பதினொண்ணும் ஜெயம். பன்னண்டாவதுக்கு ஒரு நல்ல, பதவிசான, தோக்கற ஆளா வேணும்னு தரகர் தேடினார். நாலு நாள்தான் இருந்துச்சு. நான் உங்களைக் கொடுத்தேன்.

— ஏதோ பொண்ணு கொடுத்த மாதிரி சொல்றே.

— ரெண்டு குத்துச்சண்டைக்காரங்களை ஜோடி சேர்த்து விடறவர் தரகர் இல்லாம வேற என்ன? பையன் வீட்டுக்காரங்க அவரு சொல்றதை நம்பறாங்க. அவரு நான் சொல்றதை நம்பறாரு. அந்த நம்பிக்கையை நான் பதினாலு வருஷமா சேர்த்து வெச்சேன். நீங்க ஒரே குத்துல உடைச்சிட்டீங்க.

— ஒரே குத்து இல்ல. ரெண்டு.

— ...சரி, சொல்லுங்க. நாலாவது ரவுண்ட்ல என்ன ஆச்சு?

— எட்டாவது தடவையா கேக்கறே.

— மேனேஜர் கேக்கறேன். நான் அங்க இல்ல இல்ல? பொண்ணுக்குப் பரீட்சைன்னு வீட்டுல உக்காந்திருந்தேன். நீங்க போன் பண்ணி, "ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு"ன்னீங்க. நான் காலோ கையோ உடைஞ்சிடுச்சுன்னு சுவரைப் பிடிச்சுக்கிட்டேன்.

— முதல் ரெண்டு ரவுண்டும் வழக்கம் போலத்தான். அவன் அடிக்க இடம் கொடுத்தேன், ரொம்ப அடிச்சா கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். நல்லா குத்தினா "நல்ல குத்து"ன்னு காதுல சொன்னேன். மூணாவதுல அவன் ஆளுங்க எல்லாம் எழுந்து நின்னு கத்தறாங்க. பையன் என் மூஞ்சியைப் பாக்கறான், அவங்க மூலையைப் பாக்கறான். ஏதோ வர வேண்டியது வரல போலன்னு.

— ஏதோன்னா?

— தெரியல. அவன் பாக்கறான், அவ்வளவுதான்.

— ம்... அப்புறம்?

— அவன் இடது கையை நீட்டி அடிச்சிட்டுத் திரும்ப எடுக்கறப்ப இடுப்புக்குக் கீழ இறக்கறான். அதை முதல் ரவுண்ட்லயே பாத்துட்டேன். மத்த பசங்களா இருந்தா ஆட்டம் முடிஞ்சதும் கூப்பிட்டு, "தம்பி, கையைத் தூக்கி வெச்சுக்கோ"ன்னு சொல்லியிருப்பேன்.

— எத்தனை பசங்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. அதுல ரெண்டு பேர் பட்டம் வாங்கிட்டாங்க. ஒருத்தனாவது பேட்டியில உங்களைச் சொன்னானா?

— இவனுக்கு மட்டும் கையாலயே சொல்லிட்டேன். வலது கை ஒண்ணு, உடனே இடது கை ஒண்ணு. உக்காந்துட்டான்.

— உக்காந்துட்டானா, விழுந்துட்டானா?

— ஏழு தடவை கேட்டப்பவும் விழுந்தான்னுதானே சொன்னேன்? விழுந்தான். நடுவர் எட்டு எண்ணறதுக்குள்ள எழுந்துட்டான். தைரியமான பையன். அடுத்த ரெண்டு ரவுண்டும் ஓடாம நின்னு அடிச்சான். இந்தப் புருவத்தைக் கிழிச்சது அப்பதான்.

— மூணு ஜட்ஜுல ரெண்டு பேர் உங்களுக்குப் போட்டாங்க. அவங்க ஊர் ஜட்ஜுங்க.

— அதான் எனக்கே புரியல.

— எனக்குப் புரியுது. அவங்களுக்கு வேற வழியில்லாத மாதிரி அடிச்சிருக்கீங்க... இன்னொரு கண்ணைக் காட்டுங்க. ஆனா எதுக்குன்னுதான் புரியல. எழுபத்தோரு ஆட்டத்துல வராத கோபம் அன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு?

— கோபமெல்லாம் இல்ல. கை தவறிப் போச்சு.

— ரெண்டு கையுமா?

— ...காபி இருக்கா?

— இருக்கு. பேச்சை மாத்தாதீங்க. எனக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு மேனேஜர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா? விலா எலும்பு விரிசல் விட்டிருந்தப்பவும் ஆட்டத்துக்கு அனுப்பினாரே, அந்த மகானுபாவன். அப்பதான் நான் போய் மேனேஜர் லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்தேன்.

— ஆபீஸ்ல அந்தக் கண்ணாடிக்காரர், "எந்த கிளப்பும்மா?"ன்னு கேட்டாரு. நீ "எங்க வீட்டு சமையலறை"ன்னே.

— சிரிச்சாரு. நானூறு பக்க விதிப் புத்தகத்தை நெட்டுருப் போட்டுட்டு வந்து உக்காந்தேன். அப்புறம் சிரிக்கல. அன்னிக்கு நான் ஒண்ணுதான் நெனைச்சேன். இவர் தோக்கட்டும், பரவாயில்ல. போனபடியே முழுசா வீட்டுக்கு வரணும். இன்னிக்கு வரைக்கும் உங்களை யாரும் தரையில தள்ளினதில்ல. அம்பத்தெட்டு தோல்வி, ஒரு தடவை கூட விழல. அப்படி ஒரு ஆளைக் காட்டச் சொல்லுங்க பாக்கலாம்.

— இது திட்டா, பாராட்டா?

— எனக்கே தெரியல... இருங்க. இது நம்ம போன்தான்.

— யாரு?

— தரகர். பேசாதீங்க... ஹலோ. சொல்லுங்க. ...பரவாயில்ல, நல்லாயிருக்கார். தையல் பிரிச்சாச்சு. ...ம். ...மறுபடியுமா? மாப்பிள்ளையோடயா?

— என்னவாம்?

— உஷ்... புரியுதுங்க. இந்தத் தோல்வியைக் கழுவாம அவருக்குப் பட்டத்து ஆட்டம் கிடைக்காது. அது உங்க கஷ்டம். ...இல்ல, அடுத்த மாசம் முடியாது. புருவம் ஆற எட்டு வாரம் வேணும், டாக்டர் கையெழுத்து இல்லாம அனுப்ப மாட்டேன். ...ஆறு ரவுண்ட் இல்ல, எட்டு. ...ஜட்ஜு மூணு பேரும் வெளியூர்க்காரங்க. ...அதுவும் எழுதித்தான் வேணும்.

— ஏய், மெதுவா. ஓடிடப் போறாரு.

— ...இன்னொண்ணு. இத்தனை வருஷமா உங்க போஸ்டர்ல இவர் பேரு வந்ததில்ல. "எதிராளி"ன்னு போடுவீங்க. சில சமயம் அதுவும் தப்பா இருக்கும். இந்தத் தடவை பேரும் போட்டோவும் வரணும். மாப்பிள்ளை போட்டோ எவ்வளவு பெருசோ, அவ்வளவு பெருசு. ...தொகையை அப்புறம் பேசிக்கலாம், முதல்ல போஸ்டரைச் சொல்லுங்க. ...சரி. ...என்னது? இல்லைங்க. அந்தப் பேச்சே வேண்டாம். அதுக்கு அன்னிக்கே பதில் சொல்லிட்டேன். இன்னிக்கும் அதே பதில்தான். ...வெச்சிடறேன்.

— ஒத்துக்கிட்டாரா?

— எட்டு ரவுண்ட், வெளியூர் ஜட்ஜு, போட்டோ. எல்லாத்துக்கும் சரின்னுட்டார். ஏங்க, நல்ல போட்டோ ஒண்ணு எடுக்கணும். நம்மகிட்ட இருக்கற எல்லாத்துலயும் கண்ணு வீங்கியிருக்கு.

— அது இருக்கட்டும். எந்தப் பேச்சு வேண்டாம்னே?

— எது?

— "அன்னிக்கே பதில் சொல்லிட்டேன்"னியே.

— அது ஒண்ணுமில்ல. ஆபீஸ் விஷயம்.

— மேனேஜர் அம்மா...

— ...ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தரகர் போன் பண்ணினார். மூணாவது ரவுண்ட்ல நீங்க விழுந்துடணுமாம். மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்துல "நாக் அவுட்"னு வரணுமாம். அப்படி விழுந்தா ஒரு வருஷத்துக்கு மாசம் தவறாம ஆட்டம் தர்றதா சொன்னார். நான் முடியாதுன்னுட்டேன்.

— என்கிட்ட சொல்லலியே நீ.

— சொல்ல பயமா இருந்துச்சு. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? எனக்காக, பொண்ணுக்காகன்னு நெனைச்சு, சரின்னுட்டுப் போய் விழுந்துடுவீங்க. ஒரு வருஷ வேலைங்க. உங்களைக் கேக்காம நான் பாட்டுக்கு வேண்டாம்னுட்டேன். ஒம்பது நாளா போன் அடிக்கலைன்னதும், தப்புப் பண்ணிட்டோமோன்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு... என்னைத் திட்டணும்னா திட்டிடுங்க.

— அவரு என்கிட்டயும் வந்தாரு. ஆட்டத்தன்னிக்கு, கையில துணி சுத்திக்கிட்டு இருந்தப்ப. அதே பேச்சு. நீ சொன்ன மாதிரியேதான், உங்க ரெண்டு பேரையும் நெனைச்சேன், சரின்னு தலையாட்டிட்டேன். அந்த மனுஷன் அதோட போயிருக்கலாம். சந்தோஷம் தாங்காம, "உங்க மேனேஜரம்மாகிட்ட கேட்டா, என் வீட்டுக்காரர் தோப்பார், விழமாட்டார்னு சொல்லி போனை வெச்சிட்டாங்க சார்"னு சொல்லித் தொலைச்சாரு. அதைக் கேட்ட பிறகு நான் எப்படி விழறது? சரி, தோத்தாவது கொடுத்துடலாம்னுதான் ஏறினேன்... அதுவும் முடியல.